காலடியில் ஒரு நீதிபதி

பிப்ரவரி 9

செயற்கைப் பல் சாம்ராஜ்யத்தின் பட்டத்து ராணியும், என் ஒரே அக்காவின் ஒரே மகளும், ஒன்பது மாதமாக மாமனுக்கு ஒரு வரி எழுதாத கல்நெஞ்சக்காரியுமான மருமகளுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று உன் அம்மா வழியாக அறிந்தேன். பல் லேபில் உனக்குத் தனி மேசை கொடுத்துவிட்டார்களாமே? ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பல் செய்கிறாயாமே? இந்த வேகத்தில் போனால் இன்னும் பிறக்காத குழந்தைகளுக்கும் நீ பல் தயார் செய்து பெட்டியில் அடுக்கிவிடுவாய். பெருமையாக இருக்கிறது.

மாமன் ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் சாமானியர்களின் கருவி. சக்கரவர்த்திகள் ஓலைதான் அனுப்புவார்கள். அது போக, இப்போதெல்லாம் போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறார்கள். தலைமுறையே கெட்டுப்போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். லிப்ட் தொழிலாளர் சங்க ஆண்டு விழா மே பதினெட்டாம் தேதி. நம் இருவரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். சங்கத் தலைவர் மூச்சு வாங்க, நான் வேலை பார்க்கிற மொட்டைமாடி லிப்ட் மோட்டார் அறைக்கே ஏறி வந்து சொன்னார்: "மாமாவும் மருமகளும் சேர்ந்து கிட்டார் வாசிச்சாதான் விழா. நீங்க தனியா வந்தீங்கன்னா ஜனங்க காப்பி குடிக்க எழுந்து போயிடும். உண்மையச் சொல்றேன், நானே போயிடுவேன்." ஆக, நீ வந்தால் நான் மேடையில். வராவிட்டால் நான் காப்பி வரிசையில்.

போன வருடம் நடந்ததை நான் மறுக்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவே நிறுத்தி, "என் மருமக கிட்டார்ல சுருதி போயிடுச்சு, கொஞ்சம் பொறுங்க" என்று மைக்கில் சொன்னேன். உன் கையிலிருந்து கிட்டாரை வாங்கி இருநூறு பேர் முன்னால் நானே திருகினேன். நீ மேடையை விட்டு இறங்கிப் போனாய். எல்லாம் உண்மை. ஆனால் சுருதி போயிருந்ததும் உண்மை! என் காது முப்பது வருடமாகப் பொய் சொன்னதில்லை. பதினோராவது மாடியில் ஒரு பேரிங் தேய்ந்தால் தரைத்தளத்தில் நின்றே எந்தக் குண்டு தேய்ந்தது, எப்போது தேய ஆரம்பித்தது, அன்றைக்கு என்ன கிழமை என்பது வரை சொல்லக்கூடிய காது இது.

வாதாடிப் பயனில்லை. எனவே நடுநிலையான நீதிபதி ஒருவரை நியமிக்கப் போகிறேன். காலால் மிதித்தால் சுருதி சரியா தவறா என்று விளக்குப் போட்டுச் சொல்லும் பெட்டி, பெடல் ட்யூனர். நீ அதைத்தானே கட்டிக்கொண்டு அழுகிறாய்? எதை வாங்குவது என்று எழுது. உன் குற்றம் நிரூபணமானதும் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறேன்.

நாலாயிரம் லிப்டுகளின் நாயகன்,
உன் மாமா

---

பிப்ரவரி 17

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மன்னிப்பு என்ற பேச்சு ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் நீங்கள் எனக்குக் கொடுப்பதாக.

சிலதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். விழாவன்று மேடை ஏறும் முன் நான் பெடலில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்து, "என் மருமக காதை வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கா" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. பிறகு என் கிட்டாரைத் திருகிக் கொடுத்தீர்களே, அதற்கப்புறம்தான் சுருதி நிஜமாகவே போனது. நான் இறங்கிப் போனதற்குக் காரணம் சுருதி இல்லை, மாமா. அந்தச் சிரிப்பு.

நீதிபதி வேண்டுமென்றால் சரி. ஆனால் தீர்ப்புக்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும். என் மேல் தப்பு என்றால் நான் மே பதினெட்டு வந்து அதே மைக்கில் சொல்கிறேன். உங்கள் மேல் தப்பு என்றால் நீங்கள் அதே மைக்கில் சொல்ல வேண்டும். இதற்குச் சம்மதித்தால் வருவது பற்றி யோசிக்கிறேன். "வருகிறேன்" என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

இனி பெடல். கிட்டாரின் தலையில் கவ்வுகிற சின்ன ட்யூனர் வேண்டாம். அது மரத்தின் அதிர்வைப் பிடிக்கும். பக்கத்தில் டிரம் அடித்தால் அதையும் சேர்த்துப் பிடித்துக் குழம்பும். பெடல், கேபிள் வழியாக வருகிற உங்கள் கிட்டாரை மட்டும்தான் கேட்கும். மிதித்தால் ஒலிபெருக்கி ஆம்புக்குப் போகிற சத்தமும் நின்றுவிடும். நீங்கள் திருகித் திருகி ஙொய் ஙொய் என்று இழுப்பது சபைக்குக் கேட்காது. அந்த ஒரு நன்மைக்காகவே வாங்கலாம்.

இரும்பு உடம்பாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் கால் சாதாரணக் கால் இல்லை. நின்றபடி குனிந்தால், மேடை வெளிச்சத்திலும் எண்ணும் எழுத்தும் தெரிய வேண்டும். கடையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு படி என்று கணக்கு. ஒரு படி பிசகினால் காட்டுகிற பெட்டி போதும். பத்தில் ஒரு படி காட்டுவதும் இருக்கிறது. அது உங்கள் கையில் கிடைத்தால் விழா முடியும்வரை திருகிக்கொண்டே இருப்பீர்கள். அணைத்து வைத்திருக்கும்போது பெட்டி வழியே சத்தம் எப்படிப் போகிறது என்று கடைக்காரர் அரை மணி நேரம் விளக்குவார். உங்களுடையது ஒரே பெடல், சின்னக் கேபிள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

மின்சாரம் ஒன்பது வோல்ட். அதற்கென்று விற்கிற அடாப்டரையே வாங்குங்கள். ஒன்பது. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

உங்கள் மருமகள்

---

பிப்ரவரி 26

அடிக்கோட்டு அரசிக்கு,

நிபந்தனை சம்மதம். தோற்கப்போவது நீதான் என்பதால் எந்த மைக்கிலும் எதையும் சொல்லத் தயார்.

வாங்கினேன். கருப்பு இரும்பு உடம்பு, உள்ளங்கை அளவு. கையில் எடுத்தால் யானையின் கடைவாய்ப் பல் போல கனக்கிறது. உனக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். கடைக்காரர் சத்தம் போகும் வழியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நான் தலையாட்டியதில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடாப்டர் கடையில் தீர்ந்துபோயிருந்தது. "நாளைக்கு வந்துடும் சார்" என்றார். மாபெரும் மனிதர்களுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. என் கருவிப் பையில் லிப்ட் கன்ட்ரோல் பலகைக்கான பவர் சப்ளை ஒன்று இருந்தது. இருபத்துநாலு வோல்ட். முப்பது மாடிக் கட்டடத்தின் லிப்டுக்கே வழிகாட்டுகிற மின்சாரம், இந்தச் சின்னப் பெட்டிக்கு வழிகாட்டாதா? ஒன்பதில் ஓடுகிற ஓட்டத்தை இருபத்துநாலில் இரண்டரை மடங்கு நியாயமாக ஓடாதா?

செருகினேன். நீதிபதி ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தார். எல்லா நிறமும் ஒரே நேரத்தில் எரிந்தது. வானவேடிக்கையே தோற்றது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு நூல் புகை.

உள்ளேயிருந்து உன் அத்தை: "என்ன கருகுது? அடுப்புல நான் ஒண்ணும் வைக்கலையே?"

"ஒண்ணுமில்ல. விசாரணை நடக்குது."

"விசாரணையா? அய்யோ, திரைச்சீலைய நகர்த்துங்க முதல்ல!"

முதல் வழக்கை எடுப்பதற்கு முன்பே நீதிபதி காலமானார். மறுநாள் அவருடைய இரட்டைப் பிறவியையும், ஒன்பது வோல்ட் அடாப்டரையும் வாங்கி வந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

இப்போது எப்படி உபயோகிப்பது என்று எழுது. இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. எது வாய், எது வால் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரமாக மிதிக்கிறேன், அசையாமல் பார்க்கிறது.

தற்காலிகமாகத் தோற்ற,
மாமா

---

மார்ச் 5

மாமாவுக்கு,

இன்னும் கோபம்தான் எனக்கு. ஆனால் "விசாரணை நடக்குது" என்ற இடத்தைப் படித்துவிட்டு லேபில் சத்தமாகச் சிரித்தேன். கையிலிருந்த கடைவாய்ப் பல் தவறிக் கீழே விழுந்து, ஆறு பேர் மண்டிபோட்டுத் தேடினோம்.

கிட்டாரிலிருந்து வருகிற கேபிள் வலது பக்கத்து ஓட்டையில். இடது பக்கத்திலிருந்து ஆம்புக்கு. நீங்கள் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.

மிதியுங்கள். சத்தம் நின்றதும் ஒரு தந்தியைக் கட்டைவிரல் சதையால் மெதுவாக மீட்டுங்கள். அடிக்க வேண்டாம், அடித்தால் தந்தியின் சுருதி முதலில் எம்பும், விளக்கும் கூடவே எம்பும். மற்ற தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நொடி பொறுத்து அது அடங்கினபிறகு விளக்கைப் பாருங்கள். இடப்பக்கம் எரிந்தால் சுருதி கீழே, வலப்பக்கம் எரிந்தால் மேலே, நடுவில் பச்சை என்றால் சரி. எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றித்தான் பச்சைக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் திருகில் தொய்வு நிற்கும், பாதிப் பாட்டில் வழுக்கிவிடும். ஆறையும் முடித்தபின் மறுபடி முதல் தந்தியிலிருந்து ஒரு சுற்று. ஒன்றை இழுத்தால் மற்றது கொஞ்சம் தளரும்.

திரையின் ஓரத்தில் 440 என்று தெரிய வேண்டும், எல்லோரும் சுருதி சேர்க்கிற பொது அளவு அதுதான். பக்கவாட்டில் இருக்கிற குட்டிப் பொத்தானைத் தொடாதீர்கள். தொடுவீர்கள் என்று தெரியும். தொட்டால் 440க்கே திருப்பி வையுங்கள்.

அத்தையின் திரைச்சீலை பிழைத்ததா?

மருமகள்

---

மார்ச் 19

மேன்மை தங்கிய எதிர்க்கட்சி வக்கீலுக்கு,

திரைச்சீலை பிழைத்தது. ஓரத்தில் ஒரு வட்டம் மட்டும் காப்பி நிறத்தில் இருக்கிறது. டிசைன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ சொன்ன முறை எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. லிப்டைத் தளத்துக்குச் சமமாக நிறுத்துகிற மாதிரிதான் இது. இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் கிழவி தடுக்குவாள், தள்ளுவண்டி முட்டும். முப்பது வருடமாக லட்சோபலட்சம் ஜனங்களைத் தடுக்காமல் இறக்கிவிட்டவனுக்கு ஆறு தந்தி பெரிதா? மூன்றே நாளில் ஆறையும் பச்சைக்குக் கொண்டுவரப் பழகிவிட்டேன்.

இங்கேதான் மாபெரும் சதி வெளிப்பட்டது. பெட்டி பச்சை காட்டுகிறது. என் காதோ, "புளிப்பு, புளிப்பு" என்கிறது. காதுக்கு இனிக்கிற மாதிரி திருகினால் பெட்டி சிவப்பைக் காட்டி முறைக்கிறது. 440 அப்படியேதான் இருக்கிறது. (தொட்டேன். திருப்பி வைத்துவிட்டேன்.)

நீதிபதி விலைபோய்விட்டார் என்று முடிவு செய்து, கடைக்காரரிடம் வேறு கம்பெனிப் பெடல் ஒன்றை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்தேன். அதுவும் அதே இடத்தில் பச்சை. நான் லிப்ட் பார்க்கிற ஓட்டலில் பேஸ் கிட்டார் வாசிக்கிற தாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெடலையும் கெஞ்சி வாங்கினேன். அதுவும் அதே இடத்தில் பச்சை! மூன்று பொய்யர்கள், ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள், மூவரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். உலக வரலாற்றில் இப்படி ஒரு ஒற்றுமையான கூட்டுச்சதி நடந்ததில்லை.

உன் அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினேன். "பச்சை எரியறப்போதான் நல்லாருக்கு. இன்னொண்ணு பல்லு கூசுது" என்றாள். இந்தச் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. என்னைப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அவளுடைய முடிவுகளை எப்படி நம்புவது?

இந்த மூன்றையும் விட நேர்மையான பெட்டி எது என்று உடனே எழுது.

சதியின் நடுவே தனித்து நிற்கும்,
மாமா

---

மார்ச் 26

மாமா,

நான்காவது பெட்டி வாங்காதீர்கள். இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் லேபில் நாள் முழுக்கப் பல்லைத் தேய்க்கிற மெஷின் சத்தம். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை காது பார்க்கிறவர் வந்து எல்லோரையும் சோதிப்பார். அடுத்த மேசை அக்கா அடைப்பான் வைக்காமல் பல வருடம் வேலை பார்த்தவர். போன வருடம் அவர், "கதவு மணி இந்தக் காதுல ஒரு மாதிரி, அந்தக் காதுல வேற மாதிரி கேக்குது" என்றார். நாங்கள் கேலி செய்தோம். சோதித்தவர் கேலி செய்யவில்லை. அடிபட்ட காதில் சுரமே மாறிக் கேட்குமாம்.

பேரிங் சத்தம் பார்க்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சின்ன வயதில் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்துவீர்கள். எந்தக் காது, மாமா? எப்போதும் ஒரே காதுதானா? போனில் பேசுகிறவர்கள் வாளிக்குள்ளிருந்து பேசுகிறார்கள் என்று எழுதினீர்களே, போனை வைப்பது அதே காதிலா?

ஒன்று செய்யுங்கள். பெடலில் ஒரு தந்தியைப் பச்சைக்குக் கொண்டுவாருங்கள். பெடலை அணைத்து, அந்த ஒரு தந்தியை மீட்டுங்கள். இடது காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள், கேட்ட சுரத்தை வாயால் முனகுங்கள். பிறகு வலது காதைப் பொத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். அத்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இரண்டு தடவையும் ஒரே சுரம் என்றால், நான் எழுதியது எல்லாம் முட்டாள்தனம் என்று மைக்கில் சொல்கிறேன். அப்படியே ஆகட்டும் என்றுதான் நினைக்கிறேன். இந்த வழக்கில் நான் ஜெயிக்க வேண்டாம்.

மருமகள்

---

ஏப்ரல் 9

மருமகளுக்கு,

செய்து பார்த்தேன்.

வலது காதில் ஒரு சுரம். இடது காதில் அதைவிடக் கொஞ்சம் மேலே. தந்தி ஒன்றுதான். பத்துத் தடவை பார்த்தேன். பிறகு உன் அத்தையை மீட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அதேதான்.

இடது காதுதான் ஸ்க்ரூடிரைவர் காது. போனும் அங்கேதான்.

போன வருடம் உன் கிட்டார் சரியாக இருந்தது. நான்தான் கெடுத்தேன்.

சங்கத்துக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். நேற்று மூன்றாவது மாடியில் ஒரு சத்தம் கேட்டது. கூட வேலை செய்கிறவரிடம், "உமக்குக் கேக்குதா?" என்று கேட்டேன். முப்பது வருடத்தில் நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

மாமா

---

ஏப்ரல் 13

மாமாவுக்கு,

சங்கத்துக்கு எதுவும் எழுதாதீர்கள். எழுதியிருந்தால் போய்த் திருப்பி வாங்குங்கள். மே பதினெட்டு நான் வருகிறேன். "வருகிறேன்" என்றே எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். லீவு கேட்டாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று.

முதலில் காது டாக்டர். இந்த வாரமே. அத்தையும் கூட வர வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் சொன்னதை நீங்கள் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, போனை வலது காதில் வையுங்கள். வாளிக்குள் இருக்கிறவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, வாசிப்பு. உங்கள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளம் உங்களிடம் நின்ற மாதிரி என்னிடம் நின்றதில்லை. தந்தியைச் சேர்க்க மட்டும்தான் காது வேண்டும், அதற்குத்தான் காலடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நானும் அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். மேடையில் டிரம் முழங்கும்போது, களைப்பில், ஜலதோஷத்தில் என் காதும் என்னை ஏமாற்றுகிறது. இடது காதில் அடைப்பான் வைத்து, பச்சையை நம்பிச் சேர்த்துவிட்டு, வலது காதால் கேட்டுக்கொண்டு வாசித்துப் பழகுங்கள். தினம் அரை மணி. ஐந்து வாரம் இருக்கிறது.

போன வருடம் அந்த மைக்கில் நீங்கள் சொன்னதற்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் வந்து முடித்துக்கொள்கிறேன். தபாலில் முடிக்க மனமில்லை.

மருமகள்

---

ஏப்ரல் 28

டிக்கெட் போட்ட தெய்வத்துக்கு,

போனேன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு இரும்புப் பெட்டிக்குள் என்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் விடுவேனா? அழுத்தினேன் பார், அப்படி அழுத்தினேன். கதவைத் திறந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

உன் அத்தை வெளியே நாற்காலியில் சிரித்த சிரிப்பு அந்தப் பெட்டியைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதற்கும் அழுத்தினேன்.

தீர்ப்பு இதுதான். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள், ஆகவே கூட்டியும் குறைத்தும் எழுத வழியில்லை. இடது காதில் போனது போனதுதான், திரும்பாது. வலது காது, "வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு. இதையாவது பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். இடதுக்குச் சில மாதத்தில் ஒரு சின்ன மெஷின் வைத்துப் பார்க்கலாமாம். மோட்டார் அறையில் இனி அடைப்பான் கட்டாயம். ஸ்க்ரூடிரைவருக்கு ஓய்வு. கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். மேனேஜர் அலமாரியைத் திறந்து, பேரிங் அதிர்வை எண்ணாகக் காட்டுகிற கருவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நாலு வருஷமா இங்கதான் இருக்கு. உங்ககிட்ட நீட்ட யாருக்கும் தைரியம் வரல" என்றார். அப்படி ஒரு கொடுங்கோலனா நான்?

போனை வலது காதில் வைத்தேன். முதல் ஆளாகப் பேசியது உன் அம்மா. வாளியில் இல்லை. வாளியே மேல் என்று தோன்றுகிற அளவுக்குத் திட்டினாள்.

தினமும் பழகுகிறேன். ஆறு தந்தியும் இப்போது இருபது விநாடியில் பச்சை. அதில் பயமில்லை. பயம் வேறு. என் காதைப் பற்றி நானே அந்த மண்டபத்தில் அளந்த கதைகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். அதே மண்டபத்தில், அதே இருநூறு பேர் முன்னால், சத்தத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து, காலடியைப் பார்த்து ஒவ்வொரு தந்தியாகத் திருக வேண்டும். பிறகு மைக்கில் உண்மையைச் சொல்ல வேண்டும். மருமகளே, முப்பதாவது மாடிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வேலை செய்திருக்கிறேன். கீழே எட்டிப் பார்த்து விசில் அடித்திருக்கிறேன். இந்த மேடையின் விளிம்புக்குத்தான் பயம்.

நீ வருகிறேன் என்று எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சலவைக்குப் போய் ஒரு தடவை வெளுத்துவிட்டது. இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை தெரிகிறது.

மாமா

---

மே 22

மாமாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அத்தை கட்டிக் கொடுத்ததைப் பாதி வழியிலேயே காலி செய்துவிட்டேன்.

விழா முடிந்து சாப்பிட்ட நேரம் முழுக்க, "ஒருத்தனாவது கூடப் பாடினானா? இருநூறு மரக்கட்டைங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் காதில் கத்திச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அடைப்பான் வைத்திருந்ததால் உங்களுக்குக் கேட்காமல் போனதை எல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன்.

நீங்கள் மிதித்துச் சத்தத்தை நிறுத்தியபோது மண்டபம் அமைதியானது. இருபது விநாடி இல்லை, ஐம்பது விநாடி எடுத்தீர்கள். மூன்றாவது தந்தியில் இரண்டு தடவை பச்சையைத் தாண்டி, இறக்கி, மறுபடி ஏற்றினீர்கள். முதல் வரிசையில் தலைவர், "என்ன பண்றார் இவர்?" என்றார். அவர் மனைவி, "சுருதி சேர்க்கிறார். நீங்க சும்மா இருங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் பெட்டி எங்க கிடைக்கும்னு அப்புறமா கேக்கணும்" என்றார்.

பிறகு மைக். "போன வருஷம் இதே மைக்ல, என் மருமக கிட்டார்ல சுருதி இல்லன்னு சொன்னேன். அதுல இருந்துச்சு. என் காதுலதான் இல்ல. அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்." இதற்குப் பின்னால் உங்கள் வழக்கப்படி ஒரு யானையோ, லட்சம் பேரோ வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு சபை சிரித்தது. ஏன் சிரித்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் முகம் சுருங்கியது. பின்வரிசையில் உங்கள் இடது ஓரமாக ஒரு பெரியவர் எழுந்து நின்று, "எனக்கும் அந்தக் காதுதான்யா!" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னும் மூன்று பேர். எல்லோரும் ஸ்க்ரூடிரைவர்காரர்கள். அந்தச் சிரிப்பு போன வருடத்துச் சிரிப்பு இல்லை, மாமா. நானும் சிரித்தேன். என் கோபம் அங்கேயே எங்கோ விழுந்துவிட்டது, தேடவில்லை.

மூன்றாவது பாட்டில், போன வருடம் நின்றுபோன அதே இடம் தாண்டியதும், இடது பக்க வரிசைகள் எல்லாம் பாடின. ஒரு வரி இல்லை, பாட்டு முடிகிறவரைக்கும். நாற்பது பேராவது இருப்பார்கள்.

ஒரு குறை. எத்தனையோ வருடமாக மேடையில் நான் உங்கள் இடது பக்கம்தான் நிற்பேன். இந்தத் தடவை வலது பக்கம் தள்ளி நிறுத்தினீர்கள். விளக்கு முழுக்க என் கண்ணில். அடுத்த வருடம் பழையபடி நிற்கலாம். நீங்கள் கொஞ்சம் திரும்பி நின்றால் வலது காது சபைப் பக்கம் வரும், அவர்கள் பாடுவதும் உங்களுக்குக் கேட்கும்.

அன்புடன்,
மருமகள்

---

மே 29

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியத்துக்கு,

நாற்பது பேர் பாடினார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் நேரில் விசாரித்ததில் நாலாயிரம் பேர். மண்டபத்தில் இருநூறு நாற்காலிதானே என்று கேட்காதே. மற்றவர்கள் தெருவில் நின்று பாடியிருக்கிறார்கள். அந்தப் பின்வரிசைப் பெரியவர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். அவரையும் மற்ற நால்வரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகப் போகிறேன். பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆள், "சத்தம் கேக்காட்டி அழுத்தக் கூடாதா? அப்ப பொத்தான் எதுக்கு?" என்கிறார். பெரிய சிரமம்.

அடுத்த வருட விழாவுக்கும் இப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் மேடையில் இடம் மாறி நிற்கும் உன் திட்டத்தை முழுமையாக நிராகரிக்கிறேன். விளக்கை வேண்டுமானால் நகர்த்தச் சொல்கிறேன். நீ வலது பக்கமே நிற்பாய்.

யோசிக்காமல் செய்ததில்லை. விழாவுக்கு முன்பு பத்து நாள் தாளில் படம் போட்டுப் பார்த்தேன். இருப்பது ஒரு காது. அதைச் சபைப் பக்கம் திருப்பினால் கைத்தட்டல் கேட்கும், பாட்டுக் கேட்கும், பாராட்டுக் கேட்கும். எல்லாம் எனக்குப் பிடித்தவை என்று ஊருக்கே தெரியும். உன் பக்கம் திருப்பினால் உன் வாசிப்பு மட்டும்தான் கேட்கும்.

உன் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எல்லாம் கேட்டது. நான்காவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் நீ ஒரு சுரத்தைத் தவறவிட்டதும் கேட்டது. மைக்கில் சொல்லவில்லை பார்த்தாயா?

மாமா